எஃகின் விலை – 7: ஆவடியின் 124

1936 பிப்ரவரியில் அமெரிக்க விமானப் பொறியாளர் தியடோர் பால் ரைட் வெளியிட்ட கட்டுரையும், அதில் அவர் கண்ட விதி இரண்டாம் உலகப் போர்க்காலத் தொழிற்சாலைகளை ஆண்ட விதமும் சென்ற பகுதிகளில் சொல்லப்பட்டன. ஒரே வகை விமானத்தைத் திரும்பத் திரும்பக் கட்டும்போது, அதுவரை கட்டிய மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குச் செலவாகும் உழைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பதே அந்த விதி.

உழைப்பை ஆள்மணியில் அளப்பது வழக்கம். ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலை ஓர் ஆள்மணி. முதல் விமானத்துக்கு ஆகும் ஆள்மணியை 100 என்று வைத்துக்கொண்டால், இரண்டாவதற்கு 80, நான்காவதற்கு 64, எட்டாவதற்கு 51 என்று அது இறங்கிக்கொண்டே போகும். தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து, போகப்போகப் படுத்துவிடும் இந்தக் கோட்டுக்குக் கற்றல் வளைகோடு என்று பெயர். உழைப்போடு மூலப்பொருள், கருவி, நிர்வாகம் முதலிய பிற செலவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, 1960களில் பாஸ்டன் ஆலோசனைக் குழுமத்தார் அதை விரிவுபடுத்தி அனுபவ வளைகோடு என்று அழைத்தனர்.

115 விமானங்களை மனத்தில் கொண்டு 1965இல் விலை பேசப்பட்ட லாக்ஹீடின் சி-5ஏ சரக்கு விமானத் திட்டம் 81 விமானங்களோடு நின்றுபோனதையும், இனிமேல் கற்கப்போவதை முன்கூட்டியே விலையில் கழித்துவிடுவதன் ஆபத்து அதில் வெளிப்பட்டதையும் சென்ற வாரம் கண்டோர்க்கு, அதே விதி சென்னைக்கு மேற்கே ஆவடியில் எவ்வாறு வேலை செய்தது என்பதை இந்தப் பகுதி காட்டும்.

கதையின் மையத்தில் இருப்பது ஓர் எண். அந்த எண் 124.

* * *

பாவும் கையும்

ஆவடிக்குள் நுழையுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் தளவாட விலைப் பேரங்களில் எழும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டை மறப்பதனாலோ மறைப்பதனாலோ வருகிறது. மயிலாடுதுறையின் ஒரு பகுதியாகிய கூறைநாட்டையும், அந்த ஊர்ப் பெயரோடு ஒட்டிய மணக்கூறைச் சேலையையும் அறிந்த வாசகர்களுக்கு அதை விளக்குவது எளிது.

தறியில் பாவு ஏற்றி இழை இழையாகப் பிணைக்க ஆகும் நேரமும் கூலியும், அந்தப் பாவில் ஒரு சேலை நெய்தாலும் மூன்று சேலை நெய்தாலும் மாறுவதில்லை. சேலைகள் கூடக்கூட ஒவ்வொரு சேலையின் தலையிலும் விழும் பாவுச் செலவு குறைகிறது. இது நிலைச் செலவைப் பலவற்றின்மேல் பங்கிடுவதால் வரும் சிக்கனம்.

புதிய கரையை முதன்முறையாக நெய்கிற கை தயங்கித் தயங்கி நகர்வதும், பத்தாவது சேலையில் அதே கை தானாக ஓடுவதும் வேறு வகைச் சிக்கனம். அது பாவில் இல்லை, நெய்கிறவரிடம் இருக்கிறது. தறியைப் பூட்டிவைக்கலாம், அந்தத் தேர்ச்சியைப் பூட்டிவைக்க இயலாது.

இங்கே இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், கை வேகமானதன் பலன் நெய்கிறவருக்குப் போகும். நாளுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் நெய்விக்கிறவருக்குப் போகும். போர்த் தளவாட ஒப்பந்தங்களில் நிலைவிலை முறைக்கும், ஆகிற செலவோடு ஒரு விழுக்காடு சேர்த்துக் கொடுக்கும் முறைக்கும் இடையே நடக்கும் நீண்ட வழக்கின் வேர் இதுதான். இந்தக் கேள்வி இப்பகுதியின் கடைசியில் மீண்டும் எழும்.

* * *

பதினொரு இரட்டிப்புகள்

1961 ஆகஸ்டில், வி. கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, டாங்கி ஒன்றை வடிவமைத்து இந்தியாவில் உற்பத்தி செய்வதற்காகப் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. அதற்காக எழுந்ததே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. விஜயந்தா என்று பெயர் பெற்ற அந்த டாங்கியின் முதல் 90 வண்டிகள் பிரிட்டனில் கட்டப்பட்டு வந்தன. 1965 டிசம்பரில் அது படையில் சேர்ந்தது.

1980களின் நடுப்பகுதிக்குள் கட்டி முடிக்கப்பட்ட விஜயந்தாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,200. ஒன்றில் தொடங்கிப் பதினொரு முறை இரட்டித்தால் 2,048 வரும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரே வடிவத்தின்மீது ஆவடி எவ்வளவு நீண்ட பயிற்சியைப் பெற்றது என்பது விளங்கும்.

அந்தப் பயிற்சி வடிவம் மாறியபோது முற்றிலும் வீணாகிவிடவில்லை. கவசத் தகட்டைப் பற்றவைக்கிறவரும், சுழல் மேடையின் வளையத்தைக் கடைகிறவரும், சங்கிலிச் சக்கரத்தைப் பொருத்துகிறவரும் 1980களின் பிற்பகுதியில் சோவியத் டி-72 வண்டியை உரிமம் பெற்றுக் கட்டத் தொடங்கியபோது, புதிதாகக் கற்க வேண்டியவை பல இருந்தாலும், பழக்கப்பட்ட கைகளோடுதான் அதனிடம் போனார்கள்.

டி-72க்குப் பின் வந்த டி-90 அதே குடும்பத்தைச் சேர்ந்தது. குண்டைத் தானே நிரப்பும் பொறியும், ஆவடி எஞ்சின் தொழிற்சாலை கட்டிவந்த எஞ்சினின் மரபும், உடலமைப்பின் அடிப்படையும் தொடர்ந்தமையால், டி-90 என்ற பெயரில் முதல் வண்டி கட்டப்பட்டபோது ஆவடி அந்த வளைகோட்டின் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கவில்லை. ஏற்கெனவே பாதி இறங்கிய இடத்திலிருந்து தொடங்கியது.

அதே வளாகத்தில் இன்னொரு வண்டி உச்சியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

* * *

ஓர் எண் பிறந்த இடம்

உள்நாட்டிலேயே வடிவமைக்கப்படும் முதன்மைப் போர் டாங்கித் திட்டத்துக்கு 1974 மே மாதம் 15.50 கோடி ரூபாயில் ஒப்புதல் கிடைத்தது. ஆவடியிலேயே உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் அதை வடிவமைத்தது. அர்ஜுன் என்று பெயரிடப்பட்ட அந்த வண்டி கடந்துவந்த காலதாமதமும், மாறிக்கொண்டே இருந்த தேவைப் பட்டியலும், 305 கோடிக்கு மேல் ஏறிய வளர்ச்சிச் செலவும் தனித் தொடருக்கு உரியவை. இங்கே வேண்டியது 2000ஆம் ஆண்டில் நடந்தது மட்டுமே.

அவ்வாண்டு தரைப்படை அர்ஜுன் வண்டிகளுக்கு ஆணை கொடுத்தது. எண்ணிக்கை 124.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் இக்கதையின் திருப்பம். இந்தியத் தரைப்படையின் ஒரு கவசப்படைப் பிரிவு 45 டாங்கிகளைக் கொண்டு போரிடும். பயிற்சிக்கும் பழுதுக்கும் கையிருப்புக்கும் தேவையானவற்றைக் கூட்டி, இரண்டு பிரிவுகளுக்கு என்று கணக்கிட்டால் 124 என்ற அளவு வரும். அது படையின் அமைப்புப் பட்டியலிலிருந்து பிறந்த எண். தொழிற்சாலைக்கு எத்தனை வண்டி கட்டினால் கை படியும், துணைப்பொருள் தருகிறவர் எத்தனைக்கு அச்சு வார்க்க முன்வருவார் என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

படைத் தலைமையைக் குறை சொல்லுவது எளிது, ஆனால் நியாயமாகாது. சோதனைக் களத்தில் முழு நம்பிக்கை தராத வண்டியை ஆயிரக்கணக்கில் வாங்கி எல்லையில் நிறுத்துமாறு எந்தத் தளபதியிடமும் கேட்க முடியாது. குறைவாக வாங்கிப் பார்ப்பது அவருடைய கடமை. துயரம் என்னவென்றால், ஒரு படைத் தலைவருக்கு எச்சரிக்கையாகத் தோன்றும் எண், தொழிற்சாலைக்குத் தண்டனையாக இருந்துவிடுகிறது.

அடுத்த ஆண்டே, 2001 பிப்ரவரியில், 310 டி-90 வண்டிகளுக்கு ரஷ்யாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றில் 124 முழு வண்டிகளாக வர, மீதி 186 உதிரித் தொகுதிகளாக வந்து ஆவடியில் இணைக்கப்பட்டன. தொடர்ந்து 1,000 வண்டிகளை உரிமம் பெற்று இங்கேயே கட்டும் திட்டமும் உருவானது. 2007இல் ரஷ்யாவிடமிருந்து மேலும் 347 வண்டிகளுக்கு ஒப்பந்தமாயிற்று. ஆவடியில் உரிமத்தின்கீழ் கட்டப்பட்ட முதல் பத்து டி-90 வண்டிகள் 2009 ஆகஸ்டில் வெளிவந்தன.

ஆக, ஒரே மதிலுக்குள் இரண்டு வரிசைகள் ஓடின. ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் தொடர்ந்து ஆணைகள் வந்தன. மற்றொன்றுக்கு 124 மட்டுமே. அர்ஜுன் வண்டியின் விலை டி-90ஐவிட அதிகம் என்ற வாதம் அந்த ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் எழுந்தது. இரு வண்டிகளும் வளைகோட்டின் வெவ்வேறு இடங்களில் நிற்கும்போது அவற்றின் விலைச்சீட்டுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, மூன்றாவது சேலை நெய்கிறவரையும் முந்நூறாவது சேலை நெய்கிறவரையும் ஒரே நாளின் வேலையால் எடைபோடுவதற்கு ஒப்பாகும்.

* * *

சரிவின்மேல் பேரம்

124 என்ற எண்ணின் பொருளை ரைட்டின் விதி எப்படிக் காட்டும் என்று பார்க்கலாம். பின்வருபவை ஆவடியின் கணக்கேடுகளிலிருந்து எடுத்த எண்கள் அல்ல. இரட்டிப்புக்கு 80 விழுக்காடு என்ற சரிவை வைத்துப் போட்ட வெறும் கணக்கு.

முதல் வண்டிக்கு 100 ஆள்மணி என்றால், 124ஆவது வண்டிக்கு ஏறத்தாழ 21 ஆகும். 124 வண்டிகளின் சராசரி ஏறத்தாழ 31. அதே ஆணை 500 வண்டிகளுக்கு இருந்திருந்தால் சராசரி 20 அளவுக்கு இறங்கியிருக்கும். அதாவது, சிறிய ஆணை கொடுக்கிறவர் வளைகோட்டின் செங்குத்தான, விலை மிகுந்த தொடக்கப் பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு, இறங்கி வந்தபின் கிடைக்கும் மலிவான பகுதியை விட்டுவிடுகிறார்.

உலகெங்கும் தளவாட நிறுவனங்கள் விலை கூறும்போது இந்த வளைகோட்டை மூன்று இடங்களில் கையாளுகின்றன. மூன்றுமே பேரத்துக்கு உரியவை.

முதலாவது, சரிவின் அளவு. வாங்கும் அரசு 80 என்று வாதிடும். விற்கும் நிறுவனம் 90 என்று வாதிடும். எண்ணில் பத்து வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால் ஏழு இரட்டிப்புகளுக்குப் பின் வரும் 128ஆவது வண்டியில் ஒன்று 21 என்றும் மற்றொன்று 48 என்றும் நிற்கும். உழைப்புச் செலவு இரு மடங்குக்கு மேல் மாறிவிடுகிறது. கைவேலை மிகுந்த பட்டறைகளில் சரிவு செங்குத்தாகவும், எந்திரமே வேகத்தைத் தீர்மானிக்கும் பட்டறைகளில் தட்டையாகவும் இருக்கும் என்பதால், எத்தனை வேலை கையால் நடக்கிறது, எத்தனை எந்திரத்தால் நடக்கிறது என்பதை நேரில் பார்த்து அறியாமல் இந்த எண்ணை ஏற்கும் அதிகாரி ஏமாறத்தான் செய்வார்.

இரண்டாவது, முதல் வண்டியின் செலவு. கோடு எந்தச் சரிவில் இறங்கினாலும், தொடங்கும் உயரம் கூடினால் முழுக் கோடும் மேலே ஏறிவிடுகிறது. செங்குத்தான சரிவுக்குத் தாராளமாக ஒப்புக்கொள்ளும் நிறுவனம், முதல் வண்டியின் ஆள்மணியை உயர்த்திக் காட்டி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். 1962இல் அமெரிக்கா, பேரத்தில் உண்மை என்ற பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றி, விலை பேசும் நிறுவனங்கள் தங்கள் செலவுத் தரவுகளை உண்மையென்று சான்றளித்து அரசின்முன் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதன் காரணம் இதுபோன்ற இடங்களில்தான் இருந்தது.

மூன்றாவது, கோட்டின் பொருளே. ரைட் சொன்னது அதுவரை கட்டியவற்றின் சராசரி இரட்டிப்புக்கு இவ்வளவு குறையும் என்பது. பின்னர் லாக்ஹீடைச் சேர்ந்த கிராஃபர்டு முன்வைத்த வடிவத்திலோ, குறைவது அந்தந்த வண்டிக்கு ஆகும் உழைப்பு; இதுவரை இங்கே போட்ட கணக்குகள் எளிமைக்காக இந்த இரண்டாவது முறையில் போட்டவை. இரண்டு முறைகளிலும் ‘80 விழுக்காட்டுக் கோடு’ என்றுதான் எழுதுவார்கள். ஆனால் முதல் முறையில் 124 வண்டிகளின் சராசரி 21. இரண்டாவதில் சராசரி 31. எந்த முறை என்று எழுதாமல் கையெழுத்திடப்பட்ட ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு உழைப்புச் செலவு அந்தரத்தில் தொங்கும்.

இத்தனைக்கும் இந்தக் கோடு தப்பாத சோதிடமும் அன்று. ராண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பொருளியலாளர் ஆர்மன் ஆல்சியன், போர்க்கால விமானத் தரவுகளை வைத்துச் சோதித்தபோது, பழைய கோட்டைக் கொண்டு வருங்கால உழைப்பைக் கணித்தால் சராசரியாக 25 விழுக்காட்டளவு பிழை வரும் என்று கண்டார்.

ஆவடியிலோ இந்தப் பேரம் நடக்கவே இல்லை. கனரக வாகனத் தொழிற்சாலை அப்போது படைத்தளவாடத் தொழிற்சாலை வாரியத்தின்கீழ் இயங்கிய அரசுத் துறை அலகு. இலாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற அடிப்படையில், ஆகும் செலவை மதிப்பிட்டுப் படைக்கு வழங்கும் விலையாக அதையே வைத்தார்கள். செலவு கூடினால் விலை கூடியது. குறைத்தவருக்குப் பரிசும் இல்லை, கூட்டியவருக்குத் தண்டனையும் இல்லை. இந்த வழங்கு விலைகளின் மதிப்பீட்டைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் பல முறை குறை கூறியிருக்கின்றன. ஒரு வேலைக்கு என்று குறித்துவைத்த தர நேரத்தை அவ்வப்போது அளந்து திருத்தாவிட்டால், தொழிலாளியின் கை எவ்வளவு படிந்தாலும் அது விலையில் தெரியாது என்பது எந்தத் தொழிற்சாலைக்கும் பொருந்தும் உண்மை.

இன்னொரு தடையும் இருந்தது. அர்ஜுனின் 1,400 குதிரைத்திறன் எஞ்சின் ஜெர்மனியின் எம்.டி.யு. நிறுவனத்திடமிருந்தும், கியர் பெட்டி அதே நாட்டின் ரெங்க் நிறுவனத்திடமிருந்தும் வந்தன. வண்டியின் விலையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இறக்குமதிப் பொருள்களுடையது. விலையில் 60 பங்கு வெளியிலிருந்து மாறாத விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், மீதி 40 பங்கு மட்டுமே ஆவடியின் கைத்தேர்ச்சியால் குறையும். எண்ணிக்கை இரட்டித்தபோதும் 100 என்பது 92க்குத்தான் இறங்கும். எஞ்சின் கட்டுவதில் வரும் தேர்ச்சி ஜெர்மனியில் சேர்ந்தது. அதன் பலனைக் கேட்டு வாங்க, 124 எஞ்சின் வாங்குகிறவருக்கு வலு இல்லை.

* * *

குறுவை தப்பிய ஆண்டுகள்

2004 ஆகஸ்டில் முதல் அர்ஜுன் வண்டிகள் படைக்குக் கொடுக்கப்பட்டன. 2009 மே மாதத்தில் 43ஆவது கவசப்படைப் பிரிவு முழுமையாக அர்ஜுனுக்கு மாறியது. 2010 மார்ச்சில் ராஜஸ்தான் பாலைவனத்தில் அர்ஜுனும் டி-90உம் பக்கம் பக்கமாகச் சோதிக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து மேலும் 124 அர்ஜுன்கள் வாங்க ஒப்புதல் கிடைத்தது.

இதுவே தீர்மானமான தருணம். அந்த ஆணை அப்போதே ஆவடியின் கைக்கு வந்திருந்தால், முதல் 124இன் கடைசி வண்டியிலிருந்து கை எடுக்காமல் அடுத்த 124இன் முதல் வண்டிக்குப் போயிருக்கலாம்.

அது நடக்கவில்லை. புதிய ஆணை மேம்படுத்தப்பட்ட வடிவத்துக்கு என்று ஆயிற்று. மேம்பாட்டுக்கு உரிய மாற்றங்கள் பட்டியலிடப்பட்டு, 2012இல் சோதனைகள் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் நீண்டன. எண்ணிக்கையும் 124இலிருந்து 118 ஆயிற்று. முதல் ஆணை முடிந்த பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் அர்ஜுன் வரிசைக்குத் தொடர் உற்பத்தி ஆணை ஏதும் வரவில்லை.

இடைவெளி என்ன செய்யும் என்பதைக் காவிரிப் படுகைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படாமல் எட்டு ஆண்டுகள் போய், 2020இல்தான் மீண்டும் அந்த நாளில் திறக்கப்பட்டது. வயலும் வாய்க்காலும் அங்கேயேதான் இருந்தன. ஆனால் குறுவை நடவுக்கு ஆள் திரட்டியபோது, முன்பு வரிசை பிடித்து நட்டவர்களில் சிலர் திருப்பூர்ப் பனியன் ஆலைக்கும் சிலர் வேறு கூலிக்கும் போயிருந்தார்கள், சிலருக்கு வயதாகியிருந்தது. நாற்றங்காலை ஒரு மாதத்தில் வளர்த்துவிடலாம். ஒருவர் கையோடு ஒருவர் கை ஒத்துப்போகும் நடவுக் குழுவை வளர்க்கப் பருவங்கள் வேண்டும்.

தொழிற்சாலையிலும் அதுவே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கப்பல்துறைகள் கட்டிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்களின் தரவுகளை ஆராய்ந்து, லிண்டா ஆர்கோட்டியும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட கட்டுரை, கற்றது கற்றபடியே நிற்பதில்லை, உற்பத்தி நின்றால் வேகமாகத் தேய்ந்துபோகிறது என்று காட்டியது. வேலை தெரிந்தவர் ஓய்வுபெறுகிறார்; சிலர் டி-90 வரிசைக்கு மாற்றப்படுகிறார்கள்; துணைப்பொருள் செய்துவந்த சிறு பட்டறை அந்த அச்சுகளை ஓரங்கட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகிறது.

இந்தத் தேய்மானத்தின் விலையை அதே 80 விழுக்காட்டுக் கணக்கில் காணலாம். இடைவெளியின்றி 125ஆவது வண்டியிலிருந்து தொடர்ந்திருந்தால், அடுத்த 118 வண்டிகளின் சராசரி உழைப்பு ஏறத்தாழ 19 ஆக இருந்திருக்கும். எல்லாம் மறந்து முதலிலிருந்து தொடங்கினால் அது மீண்டும் 31. உண்மை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். ஆனால் ஆபத்தில் இருந்தது ஐந்தில் இரண்டு பங்கு உழைப்பு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் ஒரு செலவு என்பது எந்தக் கோப்பிலும் தனி இனமாக எழுதப்படுவதில்லை. அதனாலேயே அது கவனிக்கப்படாமல் போகிறது.

வடிவ மாற்றமும் சேர்ந்துகொண்டது. புதிய அர்ஜுன் எம்கே-1ஏ வண்டியில் பழையதைவிட 72 புதிய அம்சங்கள் உள்ளன. எடையும் 68 டன்னாக ஏறிவிட்டது. மாறாத பாகங்களில் பழைய தேர்ச்சி உதவும். மாறிய பாகங்களில் கோடு மீண்டும் உச்சிக்கு ஏறி இறங்க வேண்டும். ஆகவே ஒரே தொழிற்சாலை, வளைகோட்டின் விலை மிகுந்த பகுதியை ஒரே பெயருள்ள வண்டிக்காக இரண்டாவது முறையும் கடக்க வேண்டியதாயிற்று.

* * *

எட்டு நாட்கள்

2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் நரேந்திர மோடி, அர்ஜுன் எம்கே-1ஏ வண்டியைத் தரைப்படைத் தலைமைத் தளபதி எம். எம். நரவணேயிடம் முறைப்படி ஒப்படைத்தார். பத்தாண்டு மௌனம் முடிந்தது போலத் தோன்றியது. ஆணை அப்போதும் கையெழுத்தாகவில்லை.

அது வந்தது செப்டம்பர் 23இல். 118 வண்டிகள்; மதிப்பு 7,523 கோடி ரூபாய். இருநூறுக்கு மேற்பட்ட இந்தியத் துணை நிறுவனங்களுக்கும், ஏறத்தாழ 8,000 பேருக்கும் இதனால் வேலை கிடைக்கும் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு வண்டிக்கு 63.75 கோடி ரூபாய் வரும். இருபது ஆண்டுப் பணவீக்கமும் 72 மாற்றங்களும் அதற்குள் இருப்பதால், இந்தத் தொகையைப் பழைய ஆணையோடு நேராக ஒப்பிட்டுக் கற்றல் நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வளைகோடு பேசுவது ஆள்மணியை; ரூபாய்க் கணக்கு ஏறும்போதே ஆள்மணி இறங்கிக்கொண்டும் இருக்கலாம்.

ஆணையைப் பெற்றது அரசுத் துறையின் அலகு. எட்டாவது நாள் அந்தத் துறையே இல்லை.

2021 அக்டோபர் 1 அன்று, 41 தொழிற்சாலைகளைக் கொண்டிருந்த படைத்தளவாடத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. கனரக வாகனத் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் வந்தது. நிலுவையில் இருந்த ஏறத்தாழ 65,000 கோடி ரூபாய் மதிப்புள்ள படை ஆணைகள் அனைத்தும், இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டதாகவே கருதப்பட்டுப் புதிய நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

இந்த மாற்றத்தின் ஆழம் விலைக் கணக்கில்தான் முழுமையாகப் புலப்படும். துறையாக இருந்தவரை, தொழிற்சாலை மிச்சப்படுத்தியதும் வீணாக்கியதும் ஒரே அரசுக் கருவூலத்தின் இரண்டு பைகளுக்கு இடையே மாறிக்கொண்டிருந்தன. நிறுவனமான பிறகு இலாப நட்டக் கணக்கு உண்டு. ஆள்மணி குறைந்தால் இலாபம், கூடினால் நட்டம். கற்றல் என்ற கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு ஆவடியில் முதன்முறையாக ஓர் உரிமையாளர் வேண்டியிருந்தார்.

நிலைவிலை நிற்குமானால், நிறுவனத்துக்கு வேகமாகக் கற்கக் காரணம் உண்டு. ஆனால் அடுத்த ஆணையில் விலையைக் குறைக்கக் காரணம் இல்லை. அமைச்சகம் ஒவ்வோர் ஆண்டும் செலவைத் திறந்து பார்த்து விலையைக் குறைக்குமானால், மக்கள் பணம் மிஞ்சும். ஆனால் வேகமாகக் கற்றவர் தன் வேகத்தை மறைக்கத் தொடங்குவார். இரண்டுக்கும் நடுவே, மிச்சத்தைக் குறிப்பிட்ட பங்கில் இருவரும் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்த முறைகளைப் பிற நாடுகள் பல காலமாகக் கையாளுகின்றன. அவற்றுக்கும் அடிப்படை, சரிவு எவ்வளவு என்பதில் இரு தரப்புக்கும் ஒரு நேர்மையான உடன்பாடு.

இதற்கிடையே வெளியிலிருந்து வர வேண்டிய எஞ்சின்கள் தாமதமாவது பற்றிய செய்திகள் வந்தன. 2024 மார்ச் 20 அன்று, மைசூரில் உள்ள பெமல் நிறுவனத்தின் எஞ்சின் பிரிவில், 1,500 குதிரைத்திறன் கொண்ட உள்நாட்டு எஞ்சின் முதன்முறையாக இயக்கிச் சோதிக்கப்பட்டது. அது என்றாவது ஓர் அர்ஜுனுக்குள் ஏறினால், விலையில் ஜெர்மனியில் தங்கிவிட்ட பங்கும் இந்தியக் கைகளின் வளைகோட்டுக்குள் வரும். ஆனால் அந்த எஞ்சினும் தன் முதல் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

124உம் 118உம் சேர்ந்தால் 242. இரண்டு ஆணைகளுக்குப் பிறகும் முதல் ஆணையின் எண்ணிக்கை முழுதாக ஒரு முறைகூட இரட்டிக்கவில்லை. அதற்கு இன்னும் ஆறு வண்டிகள் குறைகின்றன. 118ஆவது வண்டி வெளியேறும் நாளில், அதைக் கட்டிய கைகள் அடுத்த ஆணைக்காகக் காத்திருக்குமா, மீண்டும் கலைந்துபோகுமா? அதுவரை அவை கற்றுச் சேர்த்த வேகம் யாருடைய ஏட்டில் வரவாகும்: படையின் ஏட்டிலா, நிறுவனத்தின் ஏட்டிலா, அந்த வண்டிக்குத் தகடு பற்றவைத்தவரின் ஏட்டிலா?

(தொடரும்)